சின்னவெங்காயத் தோல் நிறத்தில் இரண்டு எழுத்து

ஆடிப்பெருக்கு கழிந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை, காலை டீ வந்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரவர் மேசைக்கு நாங்கள் திரும்பிய நேரத்தில், கம்பெனி டி-சர்ட் போட்டிருந்த நாற்பத்தாறு பேருடைய நெஞ்சிலும் கம்பெனி பெயர் சாய்ந்தது. துணி சாயவில்லை, தையல் இழுக்கவில்லை, அச்சு கரையவில்லை; எழுத்து மட்டும், பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவர் சாய்வதுபோல, மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. ஓவர்லாக் மிஷினில் இருந்த ராமநாதபுரத்துப் பெண்ணுக்குத் தெற்கே சாய்ந்தது, அயர்ன் மேசையில் நின்ற ஒடிசாக்காரருக்கு வடகிழக்கே சாய்ந்தது, பேக்கிங்கில் இருந்த மாரக்காளுக்கு எதிர்த்தெரு பால்வாடிப் பக்கம் சாய்ந்தது. நாங்கள் கொஞ்ச நேரம் பார்த்தோம். அப்புறம் மிஷின்கள் ஓட ஆரம்பித்தன, ஏனென்றால் வியாழக்கிழமை லோடு ஏற வேண்டியிருந்தது.

எங்கள் கம்பெனி திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கிறது. பெயர் ஓடை. இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்கள் பெயரைப் போட்டு மற்றவர்களுக்கே தைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். சொந்தப் பெயரில் துணி விற்க வேண்டும் என்ற ஆசை முதலாளி சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் வந்தது. நான் செக்கிங் பிரிவில் இருக்கும் தெய்வானை. தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், நிறத்தில் வித்தியாசம் எல்லாம் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒட்டுகிறேன். வீட்டில் சாதம் குழைந்தால்கூட உன் கை ஸ்டிக்கரைத்தான் தேடுகிறது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்தச் சின்னத்தை வரைந்தவள் சுடர்க்கொடி, தாராபுரத்துப் பெண், டிசைன் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலாளி அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எழுத்து நேரா நிக்கோணும் அம்மணி. மத்தவனெல்லாம் ஓடற மாதிரி சாச்சு எழுதறான். நம்மளுது நின்ன எடத்துல நிக்கோணும்."

அவள் ஒரு வாரம் 'ஓ'வை மட்டும் வரைந்தாள். சுழியை முழுக்க மூடினால் பெயர் மூச்சுவிடாது என்று கடைசியில் ஒரு நூல் இடம் திறந்து வைத்தாள். 'டை'யில் வரும் ட-வுக்கு அடிக்கோட்டைத் தடிமனாக்கி, ஆள் காலை அகட்டி நிற்பதுபோல நிறுத்தினாள். அப்புறம் இரண்டு எழுத்தையும் காகிதத்தில் வெட்டி மேசையில் வைத்து, நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று நாலு நாள் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"காலி எடத்துக்கா நாலு நாளு?" என்றார் முதலாளி.

"காலி எடத்த வரையறதுதான் சார் கஷ்டம்."

நிறத்துக்கு அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. கேன்டீனில் சின்னவெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, மேல் தோலை விட்டு, அதற்கு அடுத்ததையும் விட்டு, தோலும் இல்லாமல் வெங்காயமும் இல்லாமல் நடுவே ஈரமாக இருக்கும் அந்த மூன்றாவதை எடுத்து வந்தாள். வெங்காயத்தைப் பார்த்தால் வாங்க வருகிறவன் அழுவானே என்று முதலாளி சிரித்தார். பிரிண்டிங் மாஸ்டர் ஜெகந்நாதன் பதினோரு முறை சாயப் பேஸ்ட் கலக்கி, பதினோரு முறை அவளிடம் திட்டு வாங்கி, பன்னிரண்டாவது முறை அந்த நிறத்தைப் பிடித்தார். அதை ஒரு துண்டுத் துணியில் அடித்து, அட்டையில் ஒட்டி, ஷேடு கார்டு என்று என் மேசையில் தொங்கவிட்டார்கள். இனிமேல் ஓடையின் நிறம் இதுதான், இதற்கு ஒரு பொட்டு கூடினாலும் குறைந்தாலும் ரிஜெக்ட் என்று முதலாளி என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

அப்படிப் பாடுபட்டு நேராக நிறுத்திய எழுத்துத்தான் சாய்ந்தது. அன்று மதியமே முதலாளி எல்லோரையும் செக்கிங் ஷெட்டில் வரிசையாக நிற்கவைத்து, என்னை ஸ்கேலோடும் ஷேடு கார்டோடும் ஒவ்வொருவராகப் பார்த்து வரச் சொன்னார். கழற்றி மேசையில் விரித்தால் எழுத்து நேராக இருந்தது, மாட்டிக்கொண்டால் சாய்ந்தது. ஜெகந்நாதன் அச்சடிக்கும் ஸ்க்ரீனை மாற்றினார், சூட்டைக் கூட்டிப் பார்த்தார், மூன்று முறை துவைத்துப் பார்த்தார், கடைசியில் பேஸ்ட் டப்பாவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் நாற்பத்தாறு பேருக்கும் சாய்ந்திருக்க, எழுத்து நேராகவும் நிறம் ஷேடு கார்டுக்கு அச்சாகவும் இருந்தது முதலாளி ஒருவருடைய சட்டையில்தான்.

"பாத்தீங்களா எம்பட துணிய? போடறவன் ஒழுங்கா நின்னா எழுத்தும் ஒழுங்கா நிக்கும்" என்று அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். அந்தப் பெருமை அவருக்கு இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாரக்காள் பால்வாடியிலிருந்து தன் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். காலையில் சாய்ந்திருந்த அவளுடைய எழுத்து இப்போது நிமிர்ந்திருந்தது. நிமிர்ந்ததோடு, வெங்காயத்தோல் நிறம் கூடிக் கூடி, புளிக்குழம்பில் வதங்கிய வெங்காயம் மாதிரி அடர்ந்து நின்றது. நாங்கள் சோற்றுக் கையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மனசு போற பக்கம் சாயுதுங்க" என்றாள் மாரக்காள், குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டியபடி. "மனசுல இருக்கற ஆளு முன்னால வந்தா நெறம் கூடுது. அவ்வளவுதான்."

இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. இது எப்படி வந்தது என்று யோசிக்க ஊருக்கு நேரமில்லை, வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்குத்தான் நேரம் இருந்தது.

போன லோடைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதற்கென்றே நாகபுரியிலிருந்து வந்த வியாபாரியின் ஆள் மேசையில் எல்லாவற்றையும் அளந்து, குறை இல்லை என்று எழுதி, சந்தேகத்துக்கு ஒன்றைத் தானே மாட்டிப் பார்த்து, எழுத்து வடக்கே சாய்ந்ததும் வெளியே போய் நின்று யாரிடமோ வெகுநேரம் போனில் பேசிவிட்டு, சிவந்த கண்ணோடு உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் ஓடை டி-சர்ட் திருப்பூரிலும் அவிநாசியிலும் பல்லடத்திலும் விற்ற வேகத்துக்கு எங்களால் தைத்து மாளவில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளைக்கு ஒன்று வாங்கி மாட்டிவிட்டுக் கூட்டிப்போனார்கள். ஒரு கட்சிக் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று இலவசமாகக் கொடுக்கப்போக, தலைவர் பேசின ஒன்றரை மணி நேரமும் மைதானத்தில் இருந்த அத்தனை எழுத்தும் பிரியாணி அண்டா இருந்த பக்கமே சாய்ந்திருந்தது. தெற்கத்திச் சீமையிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருந்த ஹாஸ்டல் பெண்கள் மாலையில் கூட்டமாக வெளியே வந்தால், எல்லோருக்கும் எழுத்து தெற்கே சாய்ந்து, நாற்று வயலில் காற்றடித்த மாதிரி இருக்கும்.

துணியில் இருக்கிற எழுத்து இடமோ வலமோதானே சாய முடியும். நினைக்கிற திசையைப் பார்த்து நின்றுவிட்டால் அது நேராகத் தெரியும். இதைக் கண்டுபிடித்த சில கெட்டிக்காரப் புருஷன்மார்கள் வீட்டுக்குள் எப்போதும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். பெண்டாட்டிகள் அதைவிடக் கெட்டிக்காரிகள். "எங்க, ஒரு சுத்து சுத்துங்க பாப்போம்" என்பது ஊரில் வழக்கமாகிவிட்டது. அதே சமயம் கேட்கக்கூடாது என்கிற மரியாதையும் தானாக வந்தது. ஒருவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தால் இன்றைக்கு அவரை விட்டுவிட வேண்டும் என்று பொருள். மடிப்புப் பிரிவில் இருந்த சுடலைமுத்துவுக்கு மனைவி இறந்து ஐந்து மாதம். அவருடைய எழுத்து மட்டும் ஒரு திசையில் நிற்காமல், கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே இருந்தது. அவருக்குச் சுவரோரமாக இடம் போட்டுக் கொடுத்தோம், அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை.

இப்படி ஊரே சாய்ந்து நிற்கையில், நேராக நின்ற ஒரே எழுத்து முதலாளியுடையது. பெருமையாக இருந்தது இப்போது சங்கடமாகிவிட்டது. செக்கிங் ஷெட்டின் மூலையில்தான் அவருடைய நாற்காலி. முன்பக்கம் கண்ணாடி போட்டு ஏசி வைத்த கேபின் கட்டி ஆறு வருஷமாகியும் அவர் அதில் உட்கார்ந்ததில்லை. இந்தத் தகர ஷெட்டில், பழைய ஃபைலும் சாம்பிள் துணியும் தலை உயரத்துக்குக் குவிந்த ஒரு மேசைக்குப் பக்கத்தில், வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கரண்டு பில்லுக்குப் பயந்துகொண்டுதான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். காலையில் எட்டு மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் எட்டுக்குத்தான் எழுந்திருப்பார். வீட்டுக்குப் போனதும் கம்பெனி டி-சர்ட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வேட்டியும் துண்டுமாக இருப்பவர்.

அவருடைய மனைவி பாவாத்தாள் ஒரு நாள் மதியச் சாப்பாட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. கம்பெனிதான் பிள்ளை என்று முப்பது வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவளிடம் சொல்லியாகிவிட்டது. கேரியரை வைத்துவிட்டு, நாங்கள் இருக்கிறோம் என்றும் பார்க்காமல், "ஏனுங்க, எந்திரிச்சு ஒரு சுத்து சுத்துங்க" என்றாள்.

அவர் எழுந்து சுற்றினார். கிழக்கே நேராக இருந்தது, தெற்கே நேராக இருந்தது, மேற்கே, வடக்கே, எங்கே பார்த்தாலும் ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி நேராக இருந்தது. அவள் எதிரிலேயே நின்றாள். நிறமும் ஒரு பொட்டுக் கூடவில்லை. மனதில் ஒருத்தரும் இல்லாத ஆள் என்று அன்றைக்கு நாங்கள் எல்லோரும் முடிவுகட்டினோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாவாத்தாள் சத்தம் போடவில்லை. "நான் கோபில தங்கச்சி வூட்டுக்குப் போறேனுங்க. உங்க எழுத்து எப்ப எம்பட பக்கம் சாயுதோ, அப்ப வந்து கூட்டீட்டு வாங்க" என்றாள். அன்றைக்கே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாடு இருக்கிறதே. கல்யாண போட்டோவை ஃபிரேமோடு கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தார். வடக்குச் சுவரில் கோபி இருக்கும் திசைக்குச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, அதற்குப் பக்கவாட்டில் நின்று கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய்தார். நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து நாற்காலிக்குப் பக்கத்தில் தினமும் ஒரு சுற்றுச் சுற்றுவார். எழுத்து அசையவில்லை. பதினேழு நாள் இப்படிப் போனது. மனிதர் இளைத்துவிட்டார், எங்களுக்குப் பாவமாகப் போய்விட்டது. சுடர்க்கொடி என்னிடம் வந்து, "அக்கா, பேசாம எழுத்த நானே சாச்சு ஒரு சட்ட அடிச்சுக் குடுத்தரட்டுமா?" என்று கேட்டாள். அதையும் அவரிடம் சொன்னேன். "போச்சாது, வேண்டாம் தெய்வானை. அவ தொட்டுப் பாத்தாத் தெரிஞ்சு போயிரும்" என்றார்.

பதினெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, "வண்டில ஏறு, நீயும் வா. நீ சொன்னா அவ கேப்பா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு காரை எடுத்தார். பெருமாநல்லூர் தாண்டும்போது சட்டையைப் பார்த்தேன். சந்தேகமாக இருந்தது. குன்னத்தூரில் டீ குடிக்க இறங்கியபோது சந்தேகம் இல்லை. டீக்கடைக் கண்ணாடியில் அவரும் பார்த்துவிட்டார். அவருடைய எழுத்து சாய்ந்திருந்தது. சந்தோஷத்தில் டம்ளரை வைத்துவிட்டு ரோட்டிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றி நின்றபோது முகம் விழுந்துவிட்டது. கோபி வடக்கே இருக்கிறது. எழுத்து தெற்கே, நாங்கள் விட்டு வந்த திருப்பூர்ப் பக்கம், கவிழ்ந்துவிடுகிற மாதிரி சாய்ந்திருந்தது.

"அப்ப எனக்கும் சாயுது" என்றார். வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனிப் பக்கமாட்ட இருக்குது" என்றார். காரிலிருந்த துண்டை எடுத்து நெஞ்சை மறைத்துப் போட்டுக்கொண்டார். "போவலாமா, திரும்பீரலாமா?"

"போவோணுமுங்க" என்றேன்.

கோபியில் தங்கை வீட்டு வாசலில் பாவாத்தாள் முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றுகூடச் சொல்லாமல் எழுந்து அவருக்குப் பக்கவாட்டில் வந்து துண்டை எடுத்தாள். எழுத்து அவள் நின்ற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. நிறமும் கூடவில்லை. எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

"கம்பெனியா?" என்றாள்.

"அப்படித்தான் தெரியுது."

"என்ன இருக்குதுங்க அங்க?"

"தெரியலியே பாவாத்தா."

"உங்களுக்கே தெரியாதா?" அவள் குனிந்து முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு கையிலிருந்த உமியைத் தட்டினாள். "செரி, நடங்க. முப்பது வருசமா எனக்குக் கெடைக்காதது எதுக்குக் கெடைச்சிருக்குதுன்னு நானும் ஒருக்காப் பாக்கறேன். பை இங்கயே இருக்கட்டும், சாயங்காலம் வந்துருவேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினாள்.

கம்பெனி கேட்டில் அவர் இறங்கி நின்றதும் பாவாத்தாள் எழுத்தைப் பார்த்தாள், எழுத்து சாய்ந்த பக்கம் நடந்தாள். கண்ணாடி கேபினைத் தாண்டினாள். கட்டிங் ஹாலைத் தாண்டினாள், புதிதாக வந்த பெரிய மிஷின்கள் இருந்த கட்டடத்தையும் தாண்டினாள். அங்கங்கே நின்று அவரைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்திப் பார்த்துக்கொண்டு, மறுபடி நடந்தாள். அவர் பின்னாலேயே போனார், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மிஷினை நிறுத்திவிட்டுக் கம்பெனி முழுக்க வந்தது. தகர ஷெட்டுக்குள் நுழைந்து, என் செக்கிங் மேசையைச் சுற்றிக்கொண்டு, மூலைக்கு வந்து அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது எழுத்து நேரானது.

இத்தனை நாளும் அந்த நாற்காலியில் வைத்தேதான் அவரைச் சுற்றவிட்டிருக்கிறோம். எந்த இடத்தை நினைக்கிறாரோ அந்த இடத்திலேயே நிறுத்திவைத்துச் சோதித்தால் எழுத்து எந்தப் பக்கம் சாயும்? பத்தொன்பது வருஷமாகத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை.

பாவாத்தாள் நாற்காலியைப் பார்த்தாள், சுவரில் போன வருஷத்துக் காலண்டரைப் பார்த்தாள், அப்புறம் தலை உயரத்துக்குக் குவிந்திருந்த அந்த மேசையிலிருந்து ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். சாம்பிள் துணி, ஸ்டிக்கர் ரோல், நூல்கண்டு, உடைந்த ஸ்கேல் எல்லாம் இறங்கின. அடியில் ஒரு பழைய தையல் மிஷின் இருந்தது. சக்கரம் துருப்பிடித்திருந்தது, ஓரத்தில் ஊசி குத்திவைக்கச் சுற்றிய மஞ்சள் துணி இன்னும் அவிழாமல் இருந்தது. கம்பெனியின் முதல் மிஷின் அதுதான். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால், கம்பெனி தொடங்கிய முதல் எட்டு வருஷமும் பாவாத்தாள் அதில் உட்கார்ந்து தைத்தாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"இத ஏன் இன்னும் தூக்கிப் போடுல?" என்றாள்.

"எடத்த அடைக்குது, தூக்குங்கன்னு எல்லாருந்தான் சொன்னாங்க. மனசு வல்ல."

"மொதலாளி பொண்டாட்டி மிஷின்ல உக்காந்தா ஊரு என்ன பேசும்னு என்னைய வூட்டுக்கு அனுப்புனது ஆருங்க?"

"நாந்தான்."

"நான் வூட்லதான இருந்தேன்? ரெண்டே மைலு. இருவது வருசத்துல ஒருக்கா வந்து, வா பாவாத்தான்னு கூப்புட்டிருக்கலாமுல்ல."

"அனுப்புன வாயில எப்படிக் கூப்புடறதுன்னு தெரியல" என்றார் அவர். "அதான் இங்கயே உக்காந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். முதலாளி அழுது நாங்கள் பார்த்ததில்லை, பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்ளவும் எங்களுக்குத் தோன்றவில்லை. அத்தனை பேரும் அப்படியே நின்றோம். சுடலைமுத்து மட்டும் போய் ஒரு ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து மிஷினுக்கு முன்னால் போட்டார்.

பாவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மெக்கானிக் வந்து எண்ணெய் விட்டார், மாரக்காள் நூல் கொடுத்தாள். ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயன்று, கண்ணாடி இல்லாமல் முடியாது போலிருக்கிறது என்று அவளே முணுமுணுத்து, நாலாம் தடவை கோத்துவிட்டாள். ஒரு துண்டுத் துணியை ஓட்டினாள். முதலில் கரகரவென்று அடம்பிடித்த மிஷின், அப்புறம் ஓட ஆரம்பித்தது. தையல் ஓரிடத்திலும் விட்டுப்போகவில்லை, பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். அவள் தலையைத் தூக்காமலே, "தெய்வானை, எந்தங்கச்சிக்குப் போனப் போட்டு அந்தப் பையக் குடுத்தனுப்பச் சொல்லீரு" என்றாள்.

நாங்கள் அவரவர் மேசைக்குக் கலைந்தோம். முதலாளி மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், தொண்டையைச் செருமினார், பிறகு பழைய கண்டிப்போடு கூப்பிட்டார்.

"தெய்வானை, அந்த ஷேடு கார்ட எடுத்துட்டு வா."

எடுத்துப் போனேன். அவருடைய நெஞ்சுக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்தேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்து நேராக, காலை அகட்டி, நின்ற இடத்தில் நின்றது. ஆனால் பாவாத்தாள் எதிரில் வந்து நின்றபோதெல்லாம் கூடாத நிறம், அவள் மிஷினில் உட்கார்ந்திருக்கிற இப்போது அட்டையோடு சேரவில்லை. அதைவிட எவ்வளவோ அடர்ந்து, வதங்கி, இன்னும் கூடிக்கொண்டே இருந்தது.

"மேட்ச் ஆவுதா?"

"ஆவுலீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாப் பாத்துட்டனுங்க. ரிஜெக்ட்டுங்க" என்றேன்.

அவர் மார்பை என் பக்கம் நன்றாகத் திருப்பிக் காட்டினார்.

"அப்ப ஒட்டு" என்றார்.

ரோலிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து, அம்புக்குறி எழுத்தைப் பார்க்கும்படி ஒட்டினேன்.